எஞ்சினை அணைத்து இறக்கிய வண்டி

மோதிய வண்டியைச் சோதித்துவிட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஒரு வரிதான் முக்கியம். விபத்துக்கு வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமல்ல. அந்த வரி விழுந்துவிட்டால் பழியைச் சுமக்க மிச்சம் இருப்பது டிரைவர் மட்டும். டிரைவர் செத்துப்போயிருந்தால் எல்லாருக்கும் இன்னும் வசதி. எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்.

அந்த டிரைவர் என் அக்கா கணவர். எனக்கு மாமா. நானும் டிரைவர்தான். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் ஒரே முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டினோம். அவரை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

அன்றைக்கு அவர் நான்கு பையன்களை ஏற்றிக்கொண்டு கரியாலூர் அருவிக்குப் போனார். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் திரும்பி இறங்கும்போது, பாதி மலையில் ஒரு வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்ப் பாறையில் மோதியது. மாமா அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் பக்கத்து சீட்டில் இருந்த மணலூர்பேட்டைப் பையன் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் போனான். பின்னால் இருந்த மூன்று பேரும் கை கால் உடைந்து பிழைத்தார்கள்.

ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை. பின் சீட்டுக்கு அடியில் பையன்கள் கொண்டு வந்த பீர் பாட்டில் உடைந்து கிடந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே கதையை முடித்துவிட்டார்கள். டிரைவர் குடித்திருந்தான், தூங்கிவிட்டான், பிரேக்கே போடவில்லை. முதலில் சொன்னது முதலாளி. பத்திரிகைக்காரனிடம் சொன்னான். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. மாமாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்களா, எடுத்திருந்தால் என்ன வந்தது என்று கடைசிவரை ஒருவனும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பிணவறைக்கு வெளியே அந்தப் பையனின் அம்மா என் அக்காவைப் பார்த்துக் கத்தினாள். "குடிகாரனுக்கு வண்டி ஓட்ற வேல எதுக்குடி? சாராயக் கடையில கெடக்க வேண்டியதுதான?" அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா பொங்கலுக்குக்கூடக் குடிக்காத மனிதர். அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்ல முடியும்? அவளுடைய ஒரே பிள்ளை உள்ளே கிடக்கிறான்.

அதற்குப் பிறகு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அவர் குடிக்கவில்லை, தூங்கவில்லை என்று யாராவது எழுத்தில் தரவேண்டும். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

சேலத்தில் அந்தக் கார் கம்பெனியின் ஷோரூமில் வேலை செய்த மெக்கானிக் ஒருவன் எனக்குப் பழக்கம். அவனிடம் புலம்பியபோது கேட்டான். "ஏர்பேக் வெடிச்சிதா?"

"ரெண்டும் வெடிச்சிது."

"அப்ப பொட்டியில இருக்கும்."

அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏழு வருடம் அந்த மாதிரி வண்டியை ஓட்டியிருக்கிறேன், கியருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏர்பேக்கை எப்போது வெடிக்க வைப்பது என்று முடிவு செய்கிற ஒரு சின்னப் பெட்டி அங்கே இருக்கிறது. அது சும்மா இருப்பதில்லை. வண்டியின் வேகம், எஞ்சின் சுற்று, பிரேக் மிதித்தானா, ஆக்சிலேட்டர் மிதித்தானா, பெல்ட் போட்டானா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும். மோதி ஏர்பேக் வெடித்த நொடியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதற்கு முந்தைய ஐந்து நொடியை அப்படியே பூட்டி வைத்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் போகாது, மழையில் கிடந்தாலும் போகாது. எல்லா வண்டியிலும் இது இல்லை. இந்த வண்டியில் இருந்தது.

வண்டி அப்போது போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் கிடந்தது. முதலாளி அதைக் காயலான் கடைக்குப் போட அவசரப்பட்டுக்கொண்டிருந்தான். ரத்தம் பார்த்த வண்டி, கண்ணில் படக்கூடாது என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். ஒரு பூசாரியைக் கூட்டி வந்து பூசணிக்காய்கூட உடைத்துவிட்டுப் போனான். நல்லவேளை, விபத்து வழக்குக்கு நாங்கள் வைத்திருந்த வக்கீல் மனுப் போட்டு நிறுத்தினார். பெட்டியைப் படித்துத் தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வாங்குவதற்குள் வண்டிக்குள் புல் முளைத்துவிட்டது.

சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நசுங்கிய வண்டிக்குள் புகுந்து கியர் பக்கத்து மூடியைக் கழற்ற அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் கழற்றினேன். மாமா உட்கார்ந்திருந்த சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு கழற்றினேன். டிபன் டப்பா மூடி அளவுக்கு ஒரு பெட்டி, வெள்ளி நிறம், மஞ்சள் பிளக்.

காவலுக்கு நின்ற ஏட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாயா, கருப்புப் பொட்டின்னாங்க, வெள்ளையா கீது? தொட்டா வெடிக்குமா?"

"வெடிச்சி முடிஞ்சிடுச்சி சார்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எண்கள் வந்தன. இன்ஜினியர் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். மோதுவதற்கு ஐந்து நொடிக்கு முன்னால் வேகம் ஐம்பத்தாறு. பிரேக், மிதித்திருக்கிறது. நான்கு நொடிக்கு முன்னால் ஐம்பத்தாறு. மிதித்திருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாக் கட்டத்திலும் பிரேக் மிதித்தே இருந்தது. மோதும்போது ஐம்பத்து மூன்று.

"தூங்கலீங்க" என்றார் இன்ஜினியர். "அஞ்சு செகண்டும் காலை எடுக்கவே இல்ல. ஆனா வண்டி கேக்கல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்கு அங்கேயே போன் போடலாம் என்று எடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"எஞ்சின் ஆர்.பி.எம். ஜீரோ காட்டுதே. எல்லாத்துலயும் ஜீரோ. வழியிலேயே எஞ்சின் நின்னு போச்சா?"

நான் போனைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் ஸ்டீரிங் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ இறங்கும்போது நாங்கள் எஞ்சினை அணைத்துவிடுவோம். நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்து, உடனே மறுபடி ஒரு கட்டம் முன்னால் திருப்பி வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தால் ஸ்டீரிங் பூட்டாது, பாட்டும் ஓடும். வண்டி தன் கனத்திலேயே அடிவாரம் வரை வந்துவிடும். ஒரு சொட்டு டீசல் செலவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. அடிவாரம் வரை எஞ்சினை எழுப்பாமல் வந்தவன் டீக்கடையில் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வான்.

இதற்குக் காரணம் முதலாளியின் ஆபீஸில் மாட்டியிருந்த ஒரு கரும்பலகை. வாராவாரம் அதில் டிரைவர் பெயர்களை வரிசையாக எழுதுவான். யார் லிட்டருக்கு ஜாஸ்தி தூரம் ஓட்டினானோ அவன் மேலே. மேலே இருப்பவனுக்குச் சென்னை, பெங்களூர் மாதிரி நல்ல டிரிப். கீழே இருப்பவன் வண்டி கழுவிக்கொண்டு கிடக்கவேண்டும். எஞ்சினை அணைக்காமல் மலையில் ஓடுகிறவன் மேலே வரவே முடியாது. முதலாளியே சொல்லுவான். "எறக்கத்துல வண்டி தானா எறங்குது. எஞ்சின் எதுக்குடா வெட்டியா ஓடணும்?"

மாமா வந்த புதிதில் அணைக்க மாட்டார். முன்பு லாரி ஓட்டியவர். முதல் மாதம் பலகையில் கடைசிப் பெயர் அவருடையது. முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டான். "இன்னா டிரைவரே, டீசல வண்டிக்கு ஊத்துறியா, இல்ல வூட்டுக்கு எடுத்துக்கினு போயி சமைக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு வண்டி கழுவும்போது மாமாவிடம் சொன்னேன். "எல்லாரும் பண்றதுதான் மாமா. நீங்க மட்டும் எதுக்கு அடம் புடிக்கிறீங்க?"

"எஞ்சின் ஆப் பண்ணா பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடும்டா. மூணு மிதிக்கு மேல தாங்காது."

"நான் ஆறு வருசமா பண்றன். இன்னா ஆயிட்டன்? வளைவு வர்றப்ப மிதிக்காம முன்னாடியே கொஞ்சம் மிதிச்சி வெச்சிக்கங்க, அவ்ளோதான்."

"உனுக்கு இன்னா, நீ பெரிய பைலட்டு" என்றார். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் பலகையில் அவர் மூன்றாவது. பெங்களூர் டிரிப் கிடைத்தது. அக்காவுக்கு ஒரு சால்வை வாங்கி வந்தார். பழக்கம் ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷப்பட்டேன்.

அவர் சொன்னது சரி. எஞ்சின் ஓடும்போது பிரேக்கை நாம் மட்டும் மிதிப்பதில்லை, எஞ்சினும் கூடச் சேர்ந்து மிதிக்கிறது. எஞ்சினை அணைத்தாலும் இரண்டு மூன்று மிதிக்கு அந்த உதவி மிச்சம் இருக்கும். அதற்கு மேல் வெறும் கால்தான். ஸ்டீரிங்கும் கனத்துவிடும். மாமா மேலே இரண்டு வளைவுகளில் அந்த மிச்சத்தை முடித்திருப்பார். மூன்றாவது வளைவில் ஐந்து நொடி முழுப் பலத்தோடு மிதித்திருக்கிறார். அத்தனைக்கும் வேகம் மூன்று கிலோமீட்டர்தான் குறைந்தது. டயர் தேயாது, ரோட்டில் தடம் விழாது. அவர் பிரேக்கை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். அதனால்தான் பிரேக் இன்ஸ்பெக்டருக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் பெல்ட் போட்டிருந்தார் என்றும் அந்தப் பெட்டி சொன்னது. அது பொய். மாமா பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டி வைத்திருப்பார், சத்தம் வராமல் இருக்க. கொக்கி மாட்டியிருந்தால் பெட்டிக்குப் போதும், நெஞ்சுக்கு மேலே போகிறதா முதுகுக்குப் பின்னால் போகிறதா என்று அதற்குத் தெரியாது. இன்ஜினியர் "பெல்ட் ஓகே" என்று எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டிலும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எஞ்சின் நின்று போனதா என்று இன்ஜினியர் கேட்டதற்கு "தெரியல சார்" என்று சொல்லிவிட்டேன்.

வக்கீலுக்கு அந்த ஜீரோ தேன் மாதிரி இருந்தது. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் என்னையும் அக்காவையும் உட்கார வைத்துச் சொன்னார். "எஞ்சின் தானா நின்னுடுச்சி. நின்னா பிரேக்கும் புடிக்காது, ஸ்டீரிங்கும் வராது. டிரைவர் இன்னா பண்ணுவான்? கடைசி வரைக்கும் மிதிச்சிக்கினு இருந்தாரு பாவம். நீயும் அந்த வண்டிய ஓட்டினவன். இதுக்கு முன்னாடியும் ரெண்டு வாட்டி ஓட்றப்பவே நின்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சிது."

"நிக்கலியே சார்."

"உன்ன கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணவா சொல்றன்? நின்னுதா இல்லியான்னு அந்தப் பொட்டிக்கே தெரியாது. ஓடலன்னுதான் சொல்லுது. யாரு நிறுத்துனாங்கன்னு சொல்லுதா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுடா. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்? கம்பெனிக்காரன் செத்தா பூடுவான்?"

நான் சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் சொன்னேன். நான் யோக்கியன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாட்சிக்குப் போன நாள் காலையில் பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ரெண்டு வாட்டி நின்னுது. ரெண்டு வாட்டி நின்னுது.

கோர்ட் வராந்தாவில் முதலாளி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தோளில் கை போட்டான்.

"எஞ்சின் நின்னு போச்சின்னு சொல்லப் போறியாமே? நல்ல வேல பண்ண. நானும் அத்தியேதான் சொல்லப் போறன். உங்க மாமா பேரும் கெடாது, என் பேரும் கெடாது. அந்தப் போர்டு கீர்டு பத்தி எவனாவது கேட்டா, அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல. அத்த நான் அன்னிக்கே கழட்டிட்டன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "முடிஞ்சதும் திங்கக்கெழமை வந்துடு. சென்னை டிரிப் ஒண்ணு கீது."

அவன் கை என் தோளில் இருந்தது. மாமாவைக் குடிகாரன் என்று ஊரெல்லாம் சொன்ன வாய். அந்த வாய் இப்போது "உங்க மாமா பேரு" என்கிறது. நான் சொல்லப்போகிற பொய் எங்கள் அக்காவுக்கு உதவுவதைவிட இவனுக்கு நன்றாக உதவும். இவன் ஆபீஸுக்குப் போய் மறுபடி ஒரு பலகையை மாட்டுவான். நான் மறுபடி அதில் மேலே ஏறப் பார்ப்பேன்.

கூண்டில் ஏறினேன். எங்கள் வக்கீல் கேட்டார், அந்த வண்டி முன்பு எப்போதாவது ஓடும்போது நின்றிருக்கிறதா என்று. கேட்டுவிட்டு, சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இல்ல. அது தானா நிக்கல. நாங்கதான் நிறுத்துவோம்" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, நியூட்ரல், பலகை, முதலாளி சொன்ன வார்த்தை. முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"முதலாளி அப்படிச் சொன்னதற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா?"

"வாயால சொன்னதுக்கு எழுத்து எங்கருந்து வரும்?"

"அந்தப் பலகையைப் போட்டோ எடுத்திருக்கிறீர்களா?"

"இல்ல."

"அங்கே வேலை செய்யும் மற்ற டிரைவர்கள் யாராவது வந்து சொல்வார்களா?"

வராந்தாவைப் பார்த்தேன். ஒருவனும் வரவில்லை. எங்கள் வக்கீலிடம் சரி சொல்வதற்கு முந்தின வாரமே, வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று ஸ்டாண்டில் ஒவ்வொருவன் காலிலும் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்திருந்தேன். "நாங்க அப்பிடி ஓட்றதே இல்லியேப்பா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான்கள். அதில் ஒருவன் அதே வாரம் வெள்ளிமலையிலிருந்து எஞ்சினை அணைத்து இறங்கி வந்தவன்.

"ஆக, எஞ்சினை அணைத்தது ஓட்டியவர். அவரை அணைக்கச் சொன்னது யார் என்பதற்கு ஆதாரம் இல்லை. சரிதானே?"

"ஆதாரம் நான்தான். அவரு மாட்டன்னு சொன்னாரு. பண்ணுங்கன்னு சொன்னது நான்."

ஜட்ஜ் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. குடித்ததற்கு ஆதாரம் இல்லை. தூங்கியதற்கு ஆதாரம் இல்லை, பிரேக்கைத் தொடர்ந்து மிதித்திருக்கிறார். இவ்வளவும் எழுத்தில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த பாராவிலேயே, மலை இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டிய டிரைவரின் அலட்சியமே விபத்துக்குக் காரணம் என்றும் வந்தது. உரிமையாளர் அப்படி உத்தரவிட்டார் என்பது நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான். அவனுக்கு இப்போது எட்டு வண்டி ஓடுகிறது.

அந்த மணலூர்பேட்டைப் பையனின் அம்மாவும் வந்திருந்தாள். வக்கீல் அவளுக்குத் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும், "குடிக்கலியா? நெதானத்துலயே இருந்துக்கினா என் புள்ளய கொன்னான்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அக்கா அதைக் கேட்டாள். பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

நான் அக்காவிடம் போனேன். பிரேக்கிலிருந்து காலே எடுக்கவில்லை என்று கோர்ட்டே எழுதியிருக்கிறது என்று சொன்னேன். நீ கேட்டது அதுதானே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

"பொட்டி கூட அவர வுட்டுச்சிடா. நீதான் வுடல."

நான் முதலாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் வராந்தாவில் பேசியது, தோளில் கை போட்டது. அவள் கேட்கவில்லை. அவனை எதிர்த்து நான் என்ன செய்தாலும் அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு நான் அவள் புருஷன் பெயரைச் செலவு செய்தேன். அவள் கணக்கு அது. அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஆனால் மறுபடி அதே கூண்டில் ஏற்றினாலும் நான் அதையேதான் சொல்லுவேன்.

வண்டி வேலை கள்ளக்குறிச்சியில் எனக்கு எவனும் தரவில்லை. இப்போது கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறேன். சமவெளிதான், மலை இல்லை.

போன வருடம் அக்கா மகள் வயசுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் நான் புதுச் சேலையும் பழத்தட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட வருவார்கள் என்று வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் தெருக்காரன் ஒருவன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தான். தாய்மாமன் சீரை யார் செய்தது என்று கேட்டேன். மாமா பக்கத்தில் தூரத்து உறவு ஒருவரை அந்த முறைக்கு நிற்க வைத்துச் செய்தார்களாம். அவள் கூடப் பிறந்த தம்பி நான் ஒருவன்தான். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம்.